தேர்வுக் குழுவில் அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் இருமல் விட்டதா? போனில் கேட்டால் "விட்டிருச்சு, விட்டிருச்சு" என்று இருமிக்கொண்டே சொல்கிறாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். தவிர, நான் போன் பேசும்போதெல்லாம் அம்மா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

புதிய மாணவர்களை எடுக்கும் தேர்வுக் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். டயர் கடைக்காரருக்கு இன்னும் உன் படிப்பே புரியவில்லை. "உங்க அக்கா டான்ஸ் ஆடப் படிக்குதா?" என்று கேட்டார். "இல்ல மாமா, அது கலை நிர்வாகம். ஆடுறவங்க, பாடுறவங்க, நாடகம் போடுறவங்க எல்லாருக்கும் ஏற்பாடு பண்ற படிப்பு" என்றேன். "அதுக்கு ஒரு காலேஜா? பணிமனை நாடகத்துக்கெல்லாம் நம்ம மேனேஜர் படிக்காமலே பண்றானே!" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது உண்மையாகப் போகிறது, அக்கா. மேனேஜர் அண்ணன் உங்கள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான். உனக்குக் கிடைத்த அதே இடத்துக்கு, அதாவது வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஆண்டுக்கு ஒன்று ஒதுக்குகிறார்களே, அந்த இடத்துக்கு. அவனுக்கு இருபத்துநாலு முடியப் போகிறது. இந்த வருடம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். பெரியப்பாவும் பெரியம்மாவும் இறந்துபோனபோது ஏழு வயதில் நம் வீட்டுக்கு வந்தவன் இதுவரை தனக்கென்று எதையாவது கேட்டிருக்கிறானா? நம் ஃபீஸுக்காகப் படிப்பை நிறுத்திவிட்டுக் காகித கோடவுனில் பண்டல் தூக்கப் போனான். இப்போதுதான் முதல்முறையாக ஒன்று கேட்கிறான். அதுவும் நம்மிடம் இல்லை, உங்கள் கல்லூரியிடம்.

கடிதம் கண்டதும் பதில் போடு.

உன் அன்புத் தங்கை,
புழு


ஜூன் 21

அன்புள்ள புத்தகப் புழுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்துவிட்டது. நீ கண்ணாடி போடாமல் படிக்கிறாயாமே? அம்மா புகார் சொன்னார். உதை வாங்குவாய்.

அண்ணன் விண்ணப்பித்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்த ஆண்டு அந்தத் திட்டத்தை இன்னும் விரிவாக்கியிருக்கிறோம். விதிகளை மாற்றி எழுதிய கூட்டத்தில் மாணவர்கள் சார்பில் நானும் இருந்தேன், கை தூக்கினேன்.

இனிமேல் சொல்வதை அம்மாவிடம் படித்துக் காட்டாதே. விண்ணப்பித்தவர் யாருக்காவது உறவு என்றால் அந்த உறுப்பினர் குழுவிலிருந்து விலக வேண்டும் என்று விதி இருக்கிறது. குழுவில் ஐந்து பேர். நம்மைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். நான் எழுந்து வெளியே போய்விட்டால் அந்த மேசையில் அவனுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். அவனுடைய இனிஷியலும் என்னுடையதும் வேறு. யாருக்கும் தெரிய வழியில்லை. அதனால் நான் சொல்லப் போவதில்லை. அவனும் சொல்லக் கூடாது. அவனுக்காக என் வாயைத் திறக்கத்தான் இப்போது மூடிக்கொள்கிறேன் என்று சொல்.

நேர்காணலுக்கு அவனுக்குப் பயிற்சி கொடு. "பார்வையாளர்களை எப்படி வளர்ப்பீர்கள்" என்று கட்டாயம் கேட்பார்கள்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தினமும் பயிற்சி நடக்கிறது. அம்மாவின் தையல் மெஷினுக்குப் பின்னால் நான் தேர்வுக் குழுவாக உட்காருகிறேன். அண்ணன் பழைய பஸ் பணிமனையில் நாடகம் போடும்போது நிற்பது போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"உட்காருங்கள்" என்றேன்.

"பரவால்ல மேடம், நின்னுக்கிட்டே பேசுறேன்."

"பார்வையாளர்களை எப்படி வளர்ப்பீர்கள்?"

"சோறு போட்டுத்தான்."

"அண்ணா! நீ இப்படிப் பேசினா அக்கா மானம் போயிடும்."

"சரிடீ, சரிடீ. முன்வரிசைல குழந்தைங்க, அதுக்குப் பின்னால வயசானவங்க, கடைசில குடிச்சிட்டு வர்றவங்க. நடுவுல நான் நிப்பேன். ஆறு வருஷமா ஒரு அடிதடி இல்ல. போதுமா?"

போதாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் சொல்லும்போது நன்றாக இருக்கிறது. கொஞ்சம் அலட்டல் உண்டு என்பது உனக்குத் தெரியும். பெரிய பெரிய வார்த்தைகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் கோபம் வருகிறது.

பணிமனைக்குப் போன மாதம் ஒரு அக்கா காரில் வந்தார். பெரிய ஓவியக் கூடம் நடத்துகிறவரின் மகளாம். இரண்டு வாரம் எங்களுக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தார். என் முகத்தில் பாதி நீலம், பாதி மஞ்சள் பூசி நிறையப் படம் எடுத்தார். கடைசி நாளில் மிச்சமிருந்த பென்சில்களையெல்லாம் எண்ணிப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். குட்டிப் பையன்கள் வெகுநேரம் கார் பின்னாலேயே ஓடினார்கள்.

கீழே அண்ணனின் கையெழுத்து. அவன்தான் பேனாவைப் பிடுங்கினான்.

'ஏய் பெரிசு, சௌக்கியமா? உன்னப் பாத்தா யாரோ மாதிரி முழிக்கணுமாம். நாடகத்துல நடிக்காதவன நடிக்க வச்சிட்டியே. பாத்துப் பாஸ் போடு. உங்க அண்ணன், மேனேஜர்.'

புழு


ஜூலை 12

அன்புள்ள புழுவுக்கு,

நான் நலம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அண்ணனைச் செருப்போடு வர வேண்டாம் என்று சொல். ஷூ யாரிடமாவது வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளட்டும். என் விடுதிக்கு வர வேண்டாம், வாசலில் யாராவது பார்த்துவிடுவார்கள். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவன் கட்டாயம் சிரிப்பான், அதுதான் பயமாக இருக்கிறது.

அவனிடம் இதைக் கடுமையாகச் சொல்லாதே. மெதுவாகச் சொல்.

அக்கா


ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, மறுபடி வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார்.

நேர்காணல் முடிந்து அண்ணன் முந்தாநாள் காலையில் வந்து சேர்ந்தான். டயர் கடைக்காரர் மகனின் கறுப்பு ஷூவைத்தான் இரவல் வாங்கிப் போயிருந்தான். அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். குளித்தான். கோடவுனுக்குப் போய்விட்டான். அம்மா "எப்பிடிடா இருந்துச்சு?" என்றார். "நல்லா இருந்துச்சு சித்தி. பெரிய கட்டடம்" என்றான். அப்பா "நம்ம பொண்ணு இருந்தாளா?" என்றார். "இருந்துச்சு சித்தப்பா. நல்லா இருக்கு. கொஞ்சம் குண்டாயிருக்கு" என்றான். அவ்வளவுதான்.

என்ன கேள்வி கேட்டார்கள், எந்தப் பதிலைச் சொன்னான் என்று நான் துளைத்தெடுத்தேன். "போய்ப் படிடீ" என்றான். புழு என்றுகூடக் கூப்பிடவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீயாவது எழுது. நான் சொல்லிக் கொடுத்ததில் எதையாவது சொன்னானா? நீ அவனுக்காக என்ன பேசினாய்? எழுத முடியாத ரகசியம் என்றால், 'பேசினேன்' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டால் போதும்.

புழு


ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? என் போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. போனில் அம்மாவிடம் மட்டும் பேசி வைத்துவிடுகிறாய். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் "வச்சிட்டா" என்கிறார்.

உங்கள் கல்லூரியிலிருந்து அண்ணனுக்கு நேற்று தபால் வந்தது. வருந்துகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். நான்தான் உரக்கப் படித்தேன். முடிக்கும்வரை அவன் நின்று கேட்டான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எதுக்கு சித்தி? அங்க ஆயிரம் பேர் வருவாங்க" என்றான். பிறகு பணிமனைக்குப் போய், அடுத்த நாடகத்துக்காகக் கட்டியிருந்த மேடையைப் பிரித்துவிட்டான். மழை வரும்போல இருக்கிறது என்று காரணம் சொன்னான். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

எழுது அக்கா.

புழு


ஆகஸ்ட் 25

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். அனைவரின் நலமும் அறிய ஆவல்.

தேர்வு என்பது ஐந்து பேரின் கூட்டு முடிவு. விண்ணப்பித்தவர்கள் பலரும் தகுதியானவர்கள். இடம் ஒன்றுதான். அது ஓவியக் கூடம் நடத்துகிறவரின் மகளுக்குப் போயிருக்கிறது. நீ எழுதியிருந்தாயே, அவர்தான். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு எப்படி என்று நீ கேட்பாய். திட்டத்தின் விதி இந்த ஆண்டு இப்படி மாறியிருக்கிறது: வாய்ப்புக் குறைந்த சூழலில் இருந்து வருபவர், அல்லது அத்தகைய சூழலில் பணியாற்றியவர். அவர் இரண்டாவது வகையில் வருகிறார். தன் பணிக்குச் சான்றாக ஒரு ஆல்பம் கொண்டுவந்திருந்தார். முதல் பக்கத்தில் உன் முகம், பாதி நீலம், பாதி மஞ்சள். குழுத் தலைவர் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "இந்தக் கண்களைப் பாருங்கள்" என்றார்.

நீ நன்றாகப் படி. உனக்குக் கண்ணாடி மாற்றப் பணம் அனுப்புகிறேன்.

அக்கா


செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பணம் வேண்டாம். கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை நிறையத் தடவை படித்துவிட்டேன். பாடப் புத்தகம் போல இருக்கிறது. விதியில் அந்த 'அல்லது' சேர்ந்த கூட்டத்தில்தானே நீயும் கை தூக்கினாய்? அப்போது உனக்கு அது நல்லதாகத்தான் தெரிந்திருக்கும். எனக்குக்கூடப் படிக்கும்போது நல்ல வாக்கியமாகத்தான் தெரிகிறது. அதில் ஆறு வருடமாகப் பணிமனையில் நாடகம் போட்ட அண்ணன் தோற்று, இரண்டு வாரம் வந்து போனவர் எப்படி ஜெயித்தார் என்பதுதான் புரியவில்லை. அண்ணனிடம் ஆல்பம் இல்லை. நம் தெருவில் யார் அவனைப் படம் எடுத்தார்கள்?

என் முகம் அந்த மேசையில் கிடந்தபோது நீ என்ன செய்தாய்? அது என் தங்கை என்று சொல்லியிருந்தால் அண்ணன் விஷயமும் வெளியே வந்திருக்கும், அதனால் சொல்லவில்லை. அது எனக்குப் புரிகிறது. ஆனால் அண்ணனுக்காகப் பேசத்தானே உள்ளே இருந்தாய்? பேசினாயா?

பணிமனையில் இப்போது ஒன்றும் நடப்பதில்லை. குட்டிப் பையன்கள் வந்து, "மேனேஜர் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமையும் பண்டல் தூக்கப் போகிறான்.

புழு


அக்டோபர் 22

அன்புள்ள தங்கைக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே ஒரு பெரிய கண்காட்சி, அழைப்பிதழ் வேலையெல்லாம் என் தலையில்தான். அம்மாவுக்கு முதுகு வலி என்று கேள்விப்பட்டேன். தையல் மெஷினில் குனிந்தே உட்காராமல் நடுநடுவே எழுந்து நடக்கச் சொல். அப்பாவின் மாத்திரை தீர்ந்துவிட்டதா? இங்கே குளிர ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒரு சால்வை வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கும் அதே நிறத்தில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு முதுகு வலி தேவலை. அப்பாவிடம் மாத்திரை இருக்கிறது.

நீ கேட்டதாக அண்ணனிடம் சொல்லப் போனேன். கோடவுனில் மதிய நேரம், பண்டல் மேல் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"ஏண்ணா, அக்கா மேல கோவமா? அங்க நீ ஒழுங்காப் பேசலையா?"

"நல்லாத்தான் பேசினேன். நீ சொல்லிக் குடுத்தது பாதி மறந்துபோச்சு. நாற்காலி போடுறது, கரண்டுக்கு ஒயர் இழுக்குறதுன்னு என் கதையத்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"ஷூவக் கழட்டி வெளிய வச்சிருந்தேன்."

"ஐயோ! அங்கெல்லாம் யாரும் கழட்ட மாட்டாங்க அண்ணா."

"அது உள்ள போனப்புறம்தானே தெரியுது. தரை அப்பிடிப் பளபளன்னு கெடக்கு. இரவல் ஷூ வேற, எங்க மிதிச்சேனோன்னு கழட்டிட்டேன். முடிஞ்சு வெளிய வந்து லேஸ் கட்டுறேன், வர மாட்டேங்குது. நான் என்னைக்கு லேஸ் கட்டினேன்? கதவு சரியா மூடல. உள்ள ஒருத்தர் சொல்றாரு, 'வெறுங்கால்ல வந்துட்டார் பாருங்க. படிக்க வேணாம், நம்ம விழாவுக்கு நாற்காலி போடக் கூப்பிடலாம்'னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்ணா, அவங்க கெடக்குறாங்க."

"அதுக்கென்ன, எனக்கே சிரிப்பு வந்துச்சு. அப்புறம் பெரிசு சிரிச்சுது. அது சிரிச்சா கடைசில விக்கல் மாதிரி ஒண்ணு வருமே. அந்தச் சத்தம்."

நான் உடனே, "பயந்துபோய்ச் சிரிச்சிருப்பா அண்ணா, உன்னத் தெரியும்னு காட்டிக்கக் கூடாதுன்னு" என்றேன்.

"பயந்து சிரிக்கிறது எனக்குத் தெரியாதா? முதலாளி ஜோக் சொன்னா தெனமும் சிரிக்கிறவன்தானே நானு. இது அது இல்ல புழு. வயித்துலேர்ந்து வந்துச்சு."

பிறகு டிபன் பாக்ஸைக் கழுவி என்னிடம் கொடுத்து, "சித்திகிட்ட சொல்லாத. அது பெத்த பொண்ணு" என்றான்.

அக்கா, அவன் காதில் தப்பாக விழுந்திருக்கலாம். வேறு யாராவது அப்படிச் சிரிக்கிறவர்கள் அந்தக் குழுவில் இருக்கலாம். நீ அப்படி எழுதினால் நான் நம்புவேன். அவனையும் நம்ப வைப்பேன். தயவுசெய்து எழுது.

புழு


ஜனவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். புத்தாண்டு வாழ்த்துகள்.

நீ எழுதியதற்கு உடனே பதில் போட முடியவில்லை. பலமுறை எழுத உட்கார்ந்தேன். அந்த அறையில் நடப்பதை வெளியே நின்று புரிந்துகொள்ள முடியாது. ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை அவளுக்கு அங்கே நாற்காலி இருக்காது. நீ வளர்ந்தால் தெரியும்.

ஒரு நல்ல செய்தி. படிப்பு முடிவதற்கு முன்பே எனக்கு இங்கேயே வேலை கொடுத்திருக்கிறார்கள். அதே திட்டத்துக்கு நான்தான் இனி ஒருங்கிணைப்பாளர். தனி அறை, ஜன்னலுக்கு வெளியே மரம். வயது வரம்பை ஒரு வருடம் தளர்த்த என்னால் சொல்ல முடியும். அண்ணன் மறுபடி விண்ணப்பிக்கட்டும். இந்த முறை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பதினெட்டாம் தேதி வருகிறேன், பத்து நாள் இருப்பேன். அம்மாவுக்குச் சால்வை, உனக்குப் புத்தகங்கள். அண்ணனுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கியிருக்கிறேன், லேஸ் இல்லாதது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் வேலைக்கு வாழ்த்துகள். மனதாரத்தான் சொல்கிறேன்.

நீ வருகிறாய் என்று அம்மா மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். அண்ணன் "நல்லதாப் போச்சு சித்தி, அது என் கட்டில்ல படுத்துக்கட்டும். நான் அதுவரைக்கும் கோடவுன்ல தங்கிக்கிறேன். அங்க ஆள் இல்லாம காகிதம் திருட்டுப் போகுது" என்றான். அம்மா நம்பிவிட்டார். அவன் தகரப் பெட்டியை எடுத்து வைத்து அடுக்கும்போது நான் வாசற்படியில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். சட்டை, லுங்கி, ஷேவிங் சாமான். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த பெரியப்பா பெரியம்மா படத்தை இறக்கினான். அதைத் துணியில் சுற்றி அடியில் வைத்தான். பத்து நாள் தங்கப் போகிறவன் அதை ஏன் எடுத்துக்கொண்டு போகிறான், அக்கா?

நான் போய்க் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வான். அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

'நான் அப்படிச் சிரிக்கவில்லை' என்று நீ எழுதுவாய் என இரண்டு மாதம் காத்திருந்தேன். பொய்யாகவாவது எழுதியிருக்கலாம்.

அக்கா, நீ வராதே. ஷூவையும் அனுப்பாதே. உனக்கு இப்போது போக, இருக்க, உட்கார இடங்கள் இருக்கின்றன. அவனுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இங்கே இருக்க முடியாது. நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். யாராவது ஒருவர்தான் என்றால் அவன் இருக்கட்டும். நீ என் சொந்த அக்கா, எனக்கு 'அ' எழுதச் சொல்லிக் கொடுத்தவள். அதனால் இதை எழுத எனக்கு நான்கு தாள் கிழிந்தது.

கல்லூரியில் விடுப்பு தரவில்லை என்று அம்மாவிடம் இன்று காலையில் சொல்லிவிட்டேன். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு அழுதார். "எத்தனை நாளா பாக்கல" என்றார். அண்ணன் கோடவுனுக்குக் கிளம்பினான். பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் படத்தை இன்னும் மாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா உனக்குப் போன் செய்வார். நீயும் விடுப்பு கிடைக்கவில்லை என்றே சொல்லிவிடு.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை